வியாழக்கிழமை மத்தியானம், மேசையைச் சுற்றி

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்புகளுக்கு உறை போட்டு ஓரமாக ஒதுக்கிவிடுவோம். நீள மேசை காலியாகும். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பதினான்கு பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு பென்சில், கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள கடையில் எடுத்த ஜெராக்ஸ் தாள்கள், அவ்வளவுதான். ப்ரொஜெக்டர் கிடையாது. பதினோரு வருடமாக இப்படித்தான் நாங்கள் ஆய்வுக் கட்டுரை படிக்கிறோம். வகுப்பில் அதைப் 'பேப்பர்' என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருடத்தின் முதல் பேப்பரில், தலைப்பைத் தாண்டவே எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. தென்னிந்தியாவில் காசநோய்க்கு வீட்டில் வைத்துத் தரும் சிகிச்சையையும் சானடோரியத்தில் வைத்துத் தரும் சிகிச்சையையும் ஒப்பிடும் பேப்பர் அது. தலைப்பில் 'கன்கரன்ட்' என்று ஒரு சொல்.

"ஒரே நேரத்துல நடக்கிறது மேம்" என்றாள் ஒரு மாணவி.

"சரிம்மா. அதைத் தலைப்பிலேயே ஏன் போட்டார்கள்?"

யாருக்கும் பதில் வரவில்லை. மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த பையன் வகுப்பில் அதிகம் பேசாதவன். அவன் மெதுவாகச் சொன்னான்: "போன வருஷம் ஒரு நெல்லு, இந்த வருஷம் ஒரு நெல்லு போட்டுட்டு எது நல்லா விளைஞ்சுதுன்னு சொல்ல முடியாது மேம். மழை மாறியிருக்கும். ஒரே பட்டத்துல பக்கத்துப் பக்கத்து வயல்ல போட்டாத்தான் தெரியும்."

அவன் அப்பா விவசாயி. அவனுக்குத் தெரியாத ஒன்றை அப்போது சொன்னேன். சமமாகப் பங்கிட்டு ஒப்பிடும் சோதனை முறையின் கணக்கை ரொனால்ட் ஃபிஷர் வகுத்ததே இங்கிலாந்தில் ராத்தாம்ஸ்டட் என்ற வேளாண் ஆய்வுப் பண்ணையில்தான். 1919-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வயலில் பிறந்த யோசனைதான் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று முழுக்க அவன் பென்சில் ஓயவில்லை.

இந்தப் பேப்பரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். டி.பி. வந்தால் சானடோரியம்தான் என்றிருந்த காலம் அது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரம் பக்கத்தில் தொடங்கிய சானடோரியம்தான் இன்றைக்கும் மின்சார ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மாத்திரை கையில் வந்த பிறகும் நோயாளி படுக்கையில்தான் கிடக்க வேண்டுமா என்பது கேள்வி. படுக்கைகள் மிகக் குறைவாகவும் நோயாளிகள் மிக அதிகமாகவும் இருந்த நாட்டுக்கு அது உயிர்போகும் கேள்வி.

சென்னையின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்து, ஒரு வருடத்துக்கு. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. மொத்தம் 94 பக்கம். டி.பி.க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை எடுக்கலாம் என்று உலகம் ஏற்றுக்கொண்டதில் அந்த 94 பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

94 பக்கத்தையும் ஒரு மாணவர் தனியாகப் படித்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும், நானே அப்படிப் படித்தவள். நான் எம்.எஸ்சி. படித்தபோது செமினாருக்கு ஒரு பேப்பர் கொடுத்தார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தேன். முன்னுரையில் மூன்றாவது பத்திக்கு மேல் ஏறவில்லை. பத்தாம் வகுப்பு வரை நான் தமிழ் வழி. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பொருள் எழுதினேன். எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்த பிறகும் வாக்கியம் புரியவில்லை. கடைசியில் முகப்பில் உள்ள சுருக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். "இரண்டாவது படம் எதற்காகப் போட்டிருக்கிறார்கள்?" என்று ஆசிரியர் கேட்டார். நின்றேன். "அடுத்தது" என்றார். அந்த ஒரு சொல் என்னைப் பல வருடம் துரத்தியது. புரியாததற்குக் காரணம் நான்தான், என் புத்தி போதாது என்றே நம்பினேன். அந்தப் பேப்பர் அதே துறையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாதியை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதை என் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பேப்பர் என்பது பாடப்புத்தகம் கிடையாது. சந்தேகப்படும் சகாக்கள் முன்னால் ஒருவர் வைக்கிற வழக்கு அது. நான் இதைக் கேட்டேன், இப்படிச் செய்தேன், இது கிடைத்தது, ஆகவே இப்படி நினைக்கிறேன் என்று நான்கு பகுதி. கேட்டது, செய்தது, கிடைத்தது மூன்றும் ஆதாரம். நினைப்பது அவர் கருத்து. இந்த நான்காவதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதுதான் தனியாகப் படிக்கும் மாணவர் செய்கிற பிழை.

ஆகவே பேப்பரைக் கொடுக்கும்போது முன்னால் உள்ள சுருக்கத்தையும் கடைசியில் உள்ள முடிவுரையையும் எடுத்துவிட்டே கொடுக்கிறேன். மீதியை அட்டவணைவாரியாகப் பிரித்து இரண்டு இரண்டு பேருக்கு ஒரு பங்கு. அந்த அட்டவணைக்கு அவர்கள்தான் சொந்தக்காரர்கள். அதில் ஒவ்வொரு வரிசையும் எதைச் சொல்கிறது என்று மற்றப் பன்னிரண்டு பேருக்கும் விளக்குவது அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு வாரமும் ஒருவர் எதிர்த்தரப்பு வக்கீல். பேப்பரில் ஓட்டை தேடுவது மட்டும்தான் அவர் வேலை. இன்னொருவர் அந்த வருடத்தில் உலகத்துக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது, என்ன தெரியாது என்று தேடி வருவார். இந்தப் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வருடம் நான் இதைப் பவர்பாயிண்ட் செமினாராகத்தான் நடத்தினேன். ஒருவர் தயார் செய்தார், பதின்மூன்று பேர் கடிகாரம் பார்த்தார்கள். ப்ரொஜெக்டரை அணைத்த பிறகுதான் வகுப்புக்கு உயிர் வந்தது.

புளியங்கொட்டைக் கதையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் முக்கியமான அட்டவணைக்கு வந்தோம். ஒரு வருடச் சிகிச்சை முடிந்தபோது வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம்.

"அப்ப சானடோரியம்தான் ஜெயிச்சிருக்கு" என்றான் ஒருவன்.

"ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர்னு பாரு" என்றாள் அட்டவணைக்காரி. "எண்பது பேர் அளவுதான். எண்பதுல ஆறு சதவீதம்னா அஞ்சு பேர். அஞ்சு பேர் வித்தியாசத்துக்காக எல்லாரையும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில வைக்கிறதா?"

"அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் எங்கம்மாவா இருந்தா?"

கேட்டவளை யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் சற்று நேரம் சும்மா இருந்தேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. பதிலின் முதல் பாதி இது: இரண்டு சிகிச்சையும் சமமாகவே இருந்தாலும், குலுக்கலில் யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதாலேயே ஐந்து பேர் வித்தியாசம் வந்துவிடுமா? பாடத்தில் இதற்குச் சூத்திரம் உண்டு, 'பி வேல்யூ' என்று. மாணவர்களுக்குச் சூத்திரம் தெரியும். அது என்ன கேட்கிறது என்று தெரியாது.

அடுத்த வாரம் விடுதிச் சமையற்கட்டிலிருந்து 160 புளியங்கொட்டை வாங்கி வந்தோம். நோய் அடங்காதவர்கள் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ பதினேழு பேர். ஆகவே பதினேழு கொட்டையைத் தாயம் ஆடத் தேய்ப்பது போல ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எண்பதை எடுத்து, அதில் தேய்த்தது எத்தனை என்று எண்ண வேண்டும். பைக்குள் கையை விட்டதும் அந்த வார எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டாள்.

"இது செல்லாது மேம். தேய்ச்ச கொட்டை கையில தட்டுப்படும். வேணும்னே எடுக்கலாம், வேணும்னே விடலாம்."

அந்த நொடிக்காகத்தான் இத்தனை வருடமாக மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. மருத்துவ ஆய்வில் குலுக்கலை ஏன் மறைத்து வைக்க வேண்டும் என்பதை அவள் தன் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டாள். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை வரப்போகிறது என்று டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால், நல்ல மனதோடே ரொம்ப முடியாதவரைச் சானடோரியத்துப் பக்கம் தள்ளிவிடுவார், ஒப்பீடு கெட்டுவிடும். பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-ல் முடிவை வெளியிட்டவர்கள் இதற்காகத்தான் ஒதுக்கீட்டை முத்திரையிட்ட உறைக்குள் வைத்தார்கள். உத்திரமேரூரில் குடவோலையைக் குடத்துக்குள் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததும் இதற்குத்தான் என்று இன்னொருத்தி சேர்த்துக்கொண்டாள்.

தேய்த்ததைத் தூக்கி வைத்துவிட்டு, பதினேழு முழுக் கொட்டையில் ஒயிட்னரால் சின்னப் பொட்டு வைத்தோம். இருபது தடவை எடுத்தோம். ஏழு தடவை ஐந்தோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தது. பைக்குள் சானடோரியமும் இல்லை, வீடும் இல்லை, வெறும் கொட்டைதான். இருந்தும் வித்தியாசம் வருகிறது. அம்மாவைப் பற்றிக் கேட்டவள் பையை வாங்கித் தானே இன்னும் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப சானடோரியம்தான் நல்லதுன்னு இந்த நம்பரை வச்சு சொல்ல முடியாது. நல்லது இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றாள். அதுதான் பதிலின் இரண்டாவது பாதி. எச்சரிக்கையோடு முடிவு எழுதுவது என்றால் என்ன என்பதற்கு நான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தாலும் இந்த இரண்டு வாக்கியத்தை எட்டியிருக்க மாட்டேன்.

சேர்ந்து படிப்பது புதிய கண்டுபிடிப்பு கிடையாது. லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரி வாசலருகே ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே இருந்த சின்ன அறையில் மருத்துவ மாணவர்கள் கூடி இதழ்கள் வாசித்ததை ஜேம்ஸ் பேஜட் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்வது 1830-களிலிருந்து நடந்த கதை. கனடாவின் மாண்ட்ரியலில் 1875-ல் வில்லியம் ஆஸ்லர் தொடங்கியதைத்தான் முறையான முதல் 'ஜர்னல் கிளப்' என்கிறார்கள். தனித்தனியாக வாங்க முடியாத விலை, ஆகவே கூட்டாக வாங்கினார்கள். பிறகு அது ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக ஆனது. இளம் மாணவர்களுக்கான வகுப்பு முறையாக அதை மாற்றியவர்களில் எனக்கு மிகவும் பயன்பட்டவர் நியூயார்க் சிட்டி காலேஜில் பணியாற்றிய சாலி ஹாஸ்கின்ஸ். 2007-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட முறையில், ஒரே ஆய்வகத்திலிருந்து அடுத்தடுத்து வந்த நான்கு பேப்பர்களை வரிசையாகப் படிக்கிறார்கள். ஒவ்வொரு சோதனையையும் மாணவர் படமாக வரைய வேண்டும். ஒரு பேப்பர் முடிந்ததும், அடுத்த சோதனையை நீங்களே யோசியுங்கள் என்கிறார்கள். மாணவர்களே குழுவாக உட்கார்ந்து எந்த யோசனைக்குப் பணம் ஒதுக்கலாம் என்று வாதாடிய பிறகுதான் அடுத்த பேப்பர் வெளியே வரும். கடைசியில் அதை எழுதிய விஞ்ஞானிகளுக்கே கேள்விகளை அனுப்புகிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது. பவணந்தியாரின் நன்னூல் மாணவனின் படிப்பை நாலு பங்காக்குகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் வருவது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகிப் படித்தால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. அட்டவணைக்குச் சொந்தக்காரர் என்று நான் வைத்ததே அந்த அரைப் பங்குக்காக.

மேசையில் பேச்சு தமிழில்தான் நடக்கும், பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தாலும். இதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் புரிந்ததா இல்லையா என்பது வெளியே வருகிறது. 'சிக்னிஃபிகன்ட்' என்பதை 'முக்கியமான' என்று ஒரு மாணவர் சொன்னால், அவர் பேப்பரைத் தவறாகப் படித்துவிட்டார் என்று அங்கேயே தெரிந்துவிடும். தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதுதான் அதன் பொருள். முக்கியமா என்பது வேறு கேள்வி. ஆங்கிலத்திலேயே பேசினால் அந்தச் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லித் தப்பித்துவிடலாம். எங்கள் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது. அப்படிச் சண்டை போட்டுப் பொருள் கண்ட சொற்கள் அதில் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டன.

நல்ல பேப்பரை மட்டும் படித்தால் போதாது என்பதால், இரண்டாம் பருவத்தில் 1998 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய பேப்பரை எடுக்கிறேன். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் சேர்த்துப் பேசி உலகத்துப் பெற்றோரைப் பயமுறுத்திய பேப்பர். அது என்ன ஆனது என்று முதலில் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருடமும் அரை மணி நேரத்துக்குள் யாராவது எண்ணிவிடுகிறார்கள்: பன்னிரண்டு குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழந்தைகளே இல்லை. ஊசிக்குப் பிறகுதான் தொடங்கியது என்பதும் எட்டுக் குழந்தைகளின் விஷயத்தில் பெற்றோரின் ஞாபகத்தை வைத்துச் சொன்னது. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-ல். நடுவில் பன்னிரண்டு வருடம். ஒரு மாணவிக்குக் கைக்குழந்தை இருந்தது. தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை மறுவாரம் எடுத்து வந்து, "இதுல எத்தனை பேரைப் பார்த்தாங்க, யாரோட ஒப்பிட்டாங்கன்னு ஒண்ணுமே போடலை மேம்" என்று காட்டினாள்.

முன்பு பேப்பர் கிடைப்பதே பெரும் பாடு. ஒரு பேப்பருக்காகச் சென்னையில் ஆராய்ச்சி செய்யும் பழைய மாணவர்களைக் கெஞ்சியிருக்கிறேன். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள் படிக்க வழி செய்யும் திட்டம். கதவு திறந்தது பெரிய விஷயம். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கப் பழக்கிவிடுவது வகுப்பறையின் வேலை. அதற்குக் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் வேண்டும். பல கல்லூரிகளில் அந்த ஒரு மணி நேரம்தான் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்ததும் இரண்டு வருடம் கேட்ட பிறகுதான்.

இப்போது பேப்பரைக் கணினியில் போட்டால் ஒரு நொடியில் சுருக்கம் வந்துவிடுகிறது. மாணவர்கள் கொண்டுவருகிறார்கள், நான் தடுக்கவில்லை. மேசைமேல் வைத்து, இந்த வரி எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று எல்லோருமாகத் தேடுவோம். சென்ற மாதம் ஒரு சுருக்கம் சானடோரியத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றது. எடை அட்டவணைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருக்கிறது, சாப்பாடு அப்படி. வீட்டில் இருந்தவர்கள் அரைவயிறு சாப்பிட்டு, வேலைவெட்டியும் பார்த்து, எடை அவ்வளவு ஏறாமலேயே நோயிலிருந்து மீண்டிருக்கிறார்கள். கிருமியை விரட்டியது மருந்துதான் என்பதற்கு அதைவிடப் பலமான சாட்சி அந்தப் பேப்பரில் இல்லை. சுருக்கத்தில் அந்த வித்தியாசமே காணோம்.

பருவத்தின் கடைசி வியாழக்கிழமை, அடுத்த சோதனை என்ன என்று வழக்கம்போலக் கேட்டேன். அம்மாவைப் பற்றிக் கேட்ட அதே பெண் கையைத் தூக்கினாள்.

"நோயாளியை வீட்டுல வச்சா, அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒட்டிக்காதா மேம்? இந்தப் பேப்பர் நோயாளியை மட்டும்தான் பார்க்குது. ரெண்டு பக்கத்துக் குடும்பத்தையும் வருஷக்கணக்கில பார்க்கணும். தோல்ல ஊசி போட்டுப் பார்க்கணும், எக்ஸ்ரே எடுக்கணும்."

கரும்பலகைக்குப் போய் இரண்டு கட்டம் போட்டாள். யாரையெல்லாம் எண்ணுவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் முன்பே நோய் வந்தவர்களை என்ன செய்வது என்று மற்றவர்கள் குறுக்கே புகுந்து கேட்க, மணி நாலடித்தது. யாரும் எழவில்லை. அதே சேத்துப்பட்டு மையம் அந்தக் குடும்பங்களைப் பார்த்து, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்று 1960-ல் எழுதிவிட்டது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் தலைப்பைப் படித்தாள். வருடத்தைப் பார்த்தாள். சட்டென்று கடைசிப் பக்கத்தைத் திருப்பப் போனாள். பக்கத்தில் இருந்தவள் தாளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முடிவைப் பார்க்காதடி. முதல்ல அட்டவணை."